“அடங்கவே மாட்டேன்றான், என்னதான் பண்றது?”: ஏடிஹெச்டி பற்றி வடசென்னைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் வேலை செய்கிற சிறப்புக் கல்வியாளர் நான். ஏடிஹெச்டி (ADHD) என்பது கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, அவசரம் இவற்றால் பிள்ளை திணறும், மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. அதைப் பற்றிப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“எம்புள்ள வெறும் துறுதுறுப்பா, இல்ல ஏடிஹெச்டியா? எப்படிப் பிரிச்சிப் பாக்கறது?”

ரத்தப் பரிசோதனையில் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. ‘மூளையை ஸ்கேன் எடுத்தால் கண்டுபிடித்துவிடலாம்’ என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்டும் பார்த்தும்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பல நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறைப்படி, கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, அல்லது ஓயாத அசைவும் அவசரமும் சார்ந்த ஒன்பதில் குறைந்தது ஆறு, 6 மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். அதனால் படிப்போ நட்போ உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு இடம் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் போர்டு தெரியாத கண்ணோ, அடிக்கிற ஆசிரியரோ காரணமாக இருக்கலாம். வீட்டில் மட்டும் என்றால் வீட்டுச் சண்டை, குடி, பயம் இவற்றைப் பார்க்க வேண்டும். வயதையும் பாருங்கள். அமெரிக்காவில் 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகள், செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக ஏடிஹெச்டி என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு வருஷம் மிச்சம் என்று சீக்கிரமே எல்.கே.ஜி.யில் தள்ளிவிடுகிற நம் ஊருக்கு அது ரொம்பவே பொருந்தும்.

இது அபூர்வமான ஒன்றும் இல்லை. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 770 பிள்ளைகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில் 11.3 சதவீதம் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல்.

“கேரம் போர்டு முன்னாடி ரெண்டு மணி நேரம் அசையாம உக்கார்றான். ஹோம்வொர்க்னா அஞ்சு நிமிஷம் தாங்கறதில்ல. வேணும்னே பண்றான்தானே?”

இல்லை. அப்பாக்கள் அடிக்க ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்பதல்ல, வேண்டிய இடத்தில் அதை நிறுத்த முடிவதில்லை. கேரம் ஆட்டத்தில் அடித்த நொடியே காய் விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பலன் கைமேல் கிடைக்கிறது. ஹோம்வொர்க்கின் பலன் எப்போது? நாளைக்கு மிஸ் போடும் டிக், மூன்று மாதம் கழித்து மார்க். உடனே கிடைக்கும் சின்னப் பலன், பிறகு கிடைக்கும் பெரிய பலன் என்று இரண்டையும் காட்டி நடத்திய சோதனைகளில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக உடனே கிடைப்பதைத்தான் எடுக்கிறார்கள். காத்திருப்பது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம். ‘முழுப் பரீட்சையில நல்ல மார்க் வாங்கு, சைக்கிள் வாங்கித் தரேன்’ என்ற வாக்கு பெரும்பாலான வீடுகளில் பலிக்காமல் போவதும் இதனால்தான். பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

“பொம்பளப் புள்ளைங்களுக்கும் வருமா?”

வரும். பலர் ஓடி ஆடிக் கலாட்டா செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நோட்டு காணாமல் போகும், எடுத்த வேலை பாதியில் நிற்கும், ‘கனவுலயே இருக்கா’ என்பார்கள். வகுப்புக்குத் தொல்லை இல்லை என்பதால் யாரும் அழைத்து வருவதில்லை. எட்டாவது, ஒன்பதாவதில் பாடம் கூடும்போதுதான் தெரியவருகிறது.

“நான் வளத்த விதம்தான் தப்புன்னு மாமியார் சொல்றாங்க. வேலைக்குப் போறதாலயா இப்படி?”

இல்லை அம்மா. கூட்டத்துக்கு வருகிற தாய்மார்களில் பெரும்பாலோர் இந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அதை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பிள்ளைக்குப் பிள்ளை இதில் தெரியும் வித்தியாசத்தில் முக்கால் பங்கு மரபணுவால் வருவது. ஒரு குறிப்பிட்ட மரபணு என்று இல்லை. மரபணுத் தொகுப்பில் இதோடு தொடர்புள்ள 12 இடங்களை 2019இல் அடையாளம் கண்டார்கள், 2023இல் அது 27 ஆனது. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது கொஞ்சம்தான். இதைச் சொன்னதும் பல அப்பாக்கள் ‘நானும் இப்படித்தான் இருந்தேன், எட்டாவதோட நின்னுட்டேன்’ என்கிறார்கள். கூடவே குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது எடைக் குறைவு போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

2007இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வையும் பெற்றோரிடம் அவசியம் சொல்வேன். மூளையின் மேற்பட்டை அதன் முழுத் தடிமனை எட்டும் வயதை அளந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது சுமார் ஏழரை வயது, ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வரிசை அதேதான், வேகம்தான் குறைவு. பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுக்குரிய பொறுமையைத்தான் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

வேலைக்குப் போவதும் போகாததும் இதில் கணக்கே இல்லை. ஆனால், காரணம் நீங்கள் இல்லை என்பதால் உங்களால் ஒன்றும் மாற்ற முடியாது என்றும் ஆகிவிடாது. அதற்குக் கீழே வருகிறேன்.

“மணலி, எண்ணூர் பக்கம் இருக்கோம். காத்து, தண்ணி கெட்டதால இருக்குமா?”

ஈயத்தைப் பற்றி உறுதியாகப் பேசலாம். நம் சென்னையிலேயே செய்த ஆய்வு இருக்கிறது. 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து, அவர்கள் நடத்தையை ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட்டு, 2009இல் வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரி 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக்கூட பதற்றமும், பழகுவதில் சிக்கலும், ஏடிஹெச்டி மதிப்பெண்ணும் ஓரளவு கூடின. அமெரிக்காவில் இன்று 3.5 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது. எனவே பழைய கதவு, ஜன்னலில் உரியும் பெயின்டைப் பிள்ளை சுரண்டாமல் பாருங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விளையாட விடாதீர்கள். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வீட்டில் வைக்கவோ உருக்கவோ வேண்டாம், தொட்ட கையோடு சாப்பாடும் வேண்டாம். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். எங்கே வாங்கியது என்று தெரியாத சொம்பை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஏடிஹெச்டி இருந்தால் அது ஈயத்தால்தான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் ஈயத்தைத் தடுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

“எங்க காட்டணும்? நிறைய செலவாகுமா?”

பழைய வண்ணாரப்பேட்டையில் நம் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒரே வளாகம், அரசு மருத்துவமனை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். கீழ்ப்பாக்கம் என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் எனக்குத் தெரியும். அங்கே பிள்ளைகளைப் பெரும்பாலும் வெளிநோயாளியாகத்தான் பார்த்து அனுப்புகிறார்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றில் ஏடிஹெச்டியும் உண்டு. அந்த நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

ஏடிஹெச்டி போலவே தோன்றும் வேறு சில விஷயங்கள் உள்ளன. அவை காரணம் இல்லை என்று முதலில் உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்: காது கேட்பது, கண் பார்வை, ரத்தசோகையும் இரும்புச்சத்தும், தைராய்டு, சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் வகை வலிப்பு. பிள்ளை ராத்திரி குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். டான்சில், அடினாய்டு வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளைகள் பகலில் அச்சு அசல் ஏடிஹெச்டி போலவே ஆடுவார்கள். பள்ளி டைரி, பழைய நோட்டுகள், மிஸ் எழுதித் தந்த சீட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

“மாத்திரை குடுத்தா புள்ள மந்தமாயிடுமா? அதுக்கே அடிமையாயிடுமா?”

மீதைல்ஃபெனிடேட் என்ற மருந்து 1954 முதல் விற்பனையில் உள்ளது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்ய உதவுகிறது. தூங்க வைக்கும் மாத்திரை அல்ல. அளவு கூடிப்போனால் பிள்ளை சுரத்தே இல்லாமல் இருக்கும். அப்போது உடனே மருத்துவரிடம் சொன்னால் குறைப்பார். 133 சோதனைகளைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வு, குறுகிய காலத்துக்கு, குழந்தைகளுக்கு, பலனும் பக்கவிளைவும் சேர்த்து எடைபோட்டால் இதுவே முதலில் தேர வேண்டிய மருந்து என்றது. நீண்ட காலத்துக்கான சான்று அந்த அளவுக்கு இல்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், சில பிள்ளைகளுக்கு உயரம் சற்றுக் குறையலாம். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைக்கு முன் காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். போதைக்கு அடிமையாவது பற்றிய பயத்துக்கு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் பதில் வந்தது: மருந்து எடுத்த பிள்ளைகள் பின்னாளில் போதைப் பழக்கத்தில் கூடுதலாக விழவில்லை. இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லா மெடிக்கலிலும் இருக்காது. தீரும் முன்பே தேடுங்கள். அடாமாக்ஸிடீன் என்று இன்னொன்று உண்டு. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நான்கு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால், பிள்ளையை எப்படி நடத்துவது என்று பெற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பெற்றோர் பயிற்சிதான் முதலில். மருந்து அதற்குப் பிறகுதான்.

“பயிற்சி புள்ளைக்குக் குடுங்க. எனக்கு எதுக்கு?”

வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளை எங்களோடு இருக்கும். மிச்ச நேரமெல்லாம் உங்களோடு. அதனால் உங்களுக்கு.

ஆய்வு என்ன சொல்கிறது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து 14 மாதம் தொடர்ந்தார்கள். கவனமின்மை, துறுதுறுப்பு இவற்றைக் குறைத்ததில் கவனமாகக் கொடுத்த மருந்து, பயிற்சியை மட்டும் பெற்றதைவிட முன்னால் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மருந்தின் அளவு குறைவாகவே போதுமானது, பெற்றோர் மனநிறைவும் கூடுதல். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்திருந்தது. அதாவது எதையும் ஒருமுறை செய்து முடித்துவிட முடியாது. பிறகு 2013, 2014இல் வந்த தொகுப்பாய்வுகளின்படி, யாருக்குப் பயிற்சி கிடைத்தது என்று தெரியாதவர் மதிப்பிட்டால், பயிற்சியால் துறுதுறுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் அதே முறையில் பார்த்தாலும், பெற்றவர்கள் பிள்ளையை நடத்தும் விதம் தேறுகிறது, பிள்ளையின் எதிர்ப்பும் அடமும் குறைகின்றன. வீடு வீடாக இருப்பதற்கு அதுதானே வேண்டும்? அதற்காகத்தான் இந்தப் பயிற்சியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

‘புக்க எடு, கணக்க முடி, அப்புறம் லாரி வந்துடுச்சி, குடத்த எடுத்துட்டு ஓடு’ என்று ஒரே மூச்சில் மூன்று சொன்னால், முதலாவது காதில் விழும், கடைசியாகச் சொன்னது காலில் ஏறும், நடுவில் உள்ளது காணாமல் போகும். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒன்று மட்டும் சொல்லுங்கள். முடித்ததும் அடுத்தது. ‘சமத்து’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘மூணு கணக்கையும் எந்திரிக்காம போட்டுட்ட’ என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பரிசு சின்னதாக, அன்றைக்கே கிடைப்பதாக இருக்கட்டும். காலண்டரில் ஒரு புள்ளி, மூன்று புள்ளிக்கு ஒரு ஆட்டம் கேரம். தினமும் பத்து நிமிஷம், பாடமோ புத்திமதியோ இல்லாமல், பிள்ளை சொல்லும் விளையாட்டைக் கூட விளையாடுங்கள். இதைத்தான் எல்லோரும் ‘இதென்ன’ என்று தள்ளுகிறார்கள், இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. காலை ஆட்டுவது, முணுமுணுப்பது போன்ற சின்னச் சின்னவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள். அடிப்பது, ரோட்டில் ஓடுவது போன்றவற்றுக்கு மட்டும் விளைவு வையுங்கள். அதையும் தாத்தா, அத்தை, அப்பா எல்லோரும் ஒன்றாக வையுங்கள். நீங்கள் நிறுத்திய டிவியைப் பாட்டி போட்டுவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

ஆரம்பித்த முதல் வாரங்களில் பிள்ளை இன்னும் மோசமாகும். எப்போதும் பலித்த அடம் இப்போது ஏன் பலிக்கவில்லை என்று சோதிக்கிறது. அந்த வாரத்தில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள்.

“ஒரே ரூம் வீடு. அமைதியான எடத்துக்கு எங்க போறது?”

ஹவுசிங் போர்டு வீட்டில் படிப்பறை என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை நான் உங்களிடம் படித்துக் காட்டப் போவதில்லை. சுவரைப் பார்த்து ஒரு பாய், பாயில் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் மட்டும். பத்து நிமிஷம் எழுத்து, மூன்று நிமிஷம் படி ஏறி இறங்கல், மறுபடி பத்து. அந்த நேரம் மட்டும் டிவியும் போனும் வீட்டில் எல்லோருக்கும் அணைந்திருக்க வேண்டும். நின்றுகொண்டு எழுதுகிறானா, எழுதட்டும். பள்ளி விட்டு வந்ததும் ஓடியாடி விளையாட விட்டுவிட்டுப் பிறகு உட்கார வையுங்கள். ஃபுட்பால், பாக்ஸிங் என்று சொல்லித்தர ஆள் இருக்கிற வட்டாரம் நம்முடையது. மார்க் குறைந்தது என்று விளையாட்டை நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள்.

“சக்கர, கலர் போட்ட தீனி நிறுத்தினா சரியாயிடுமா?”

சர்க்கரையால் இல்லை. பல சோதனைகளைத் தொகுத்து 1995லேயே முடிவு சொல்லிவிட்டார்கள். செயற்கை நிறங்கள் சில பிள்ளைகளின் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டுவதாக 2007இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. கலர் அப்பளம், கலர் ஐஸைக் குறைப்பதில் நஷ்டமில்லை, அது சிகிச்சை ஆகாது.

“மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். தப்பா?”

தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ அம்மனுக்கோ போவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடுவதில்லை. பிள்ளையை அடிப்பது, பட்டினி போடுவது, சூடு வைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். அதற்காக ஓ.பி. போகும் நாளைத் தள்ளியும் போடாதீர்கள்.

“ஆராய்ச்சிக்குன்னு புள்ளையக் கூப்பிடறாங்க. அனுப்பலாமா?”

அனுப்பலாம், கேட்டுவிட்டு. மேலே சொன்ன சென்னை ஆய்வு, பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, தமிழில் எழுதிய விவரத்தாள் உண்டா, மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண் என்ன என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்தோடு, ஏழு வயது தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. உங்களிடம் காசு வாங்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. விவரத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

“டி.சி. வாங்கிக்கோங்கன்றாங்க. என்ன பண்றது?”

கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. அங்கே தலைமை ஆசிரியரிடம் பேசித்தான் வழி தேட வேண்டும். எந்தப் பள்ளியானாலும் மருத்துவச் சீட்டோடு போய் மூன்றே மூன்று கேளுங்கள்: முதல் பெஞ்ச், நடுவில் எழுந்து நடக்க ஒரு வேலை, டைரியில் தினம் ஒரு வரி. முழுப் பட்டியலோடு போனால் ஒன்றும் நடக்காது.

பொதுத்தேர்வுச் சலுகைக்கு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே இருக்கும். எனவே கற்றல் குறைபாட்டுக்கும் சோதித்துச் சான்று வாங்குங்கள். ஒன்பதாவதிலேயே தொடங்குங்கள்.

“எனக்கே முடியல. ராத்திரி எல்லாம் அழுகையா வருது.”

பிள்ளையின் ஓ.பி. சீட்டு போடும் அன்றைக்கே உங்களுக்கும் ஒன்று போடுங்கள். ஏடிஹெச்டி பிள்ளைகளின் தாய்மார்களிடம் மனச்சோர்வு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாயின் சோர்வு தீராமல் பயிற்சியும் சரியாகப் பிடிக்காது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் உதவி எண். காசில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கை ஓங்கும் நிலை வந்தால் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வாசலில் போய் நில்லுங்கள். அந்த அக்காவிடம் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவையும் கூட்டி வாருங்கள். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில்தான் இருப்பார். அதில் பாதி நாட்கள் பள்ளியும் லீவு. பயிற்சியை இரண்டு பேருமாகத் தொடங்க அந்த இரண்டு மாதத்தைக் குறித்து வையுங்கள்.